சாமிக்கு நேராத ஆடுகள்

சாமிக்கு நேர்ந்துவிட்ட ஆட்டைக் கொடையன்று வெட்டுவார்கள் என்பது என் மண்டையில் ஏறியபோது எனக்கு நாற்பத்தி நாலு வயது. தூத்துக்குடியில் பால் மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி. எனக்கும் தெரியும்தான். நான் ஒருநாள் செத்துப்போவேன் என்பது எப்படித் தெரியுமோ, அப்படித் தெரியும். அதை வைத்துக்கொண்டு ஒரு காரியமும் செய்தது கிடையாது.

எங்கள் வீட்டில் கறி, மீன் புழங்காது. தெருமுனையில் மாடன் கோயில் இருந்தது. கோயில் என்றால் வேப்பமரத்தடியில் சுண்ணாம்பு அடித்த ஒரு பீடம், அவ்வளவுதான். வருஷம் ஒரு தரம் சித்திரையில் அங்கே திருவிழா நடக்கும். அதைத்தான் எங்கள் பக்கம் கொடை என்போம். கொடைக்குப் பந்தக்கால் நட்டதுமே என் வீட்டுக்காரி பெட்டியைக் கட்டிவிடுவாள். ஆத்தூரில் அவள் பிறந்த வீடு. மூன்று நாள் அங்கே வெற்றிலைக் கொடிக்கால் பக்கம் காற்று வாங்கிவிட்டுத் திரும்பினால் தெருவைக் கழுவிவிட்டிருப்பார்கள். ஆகவே எனக்குக் கொடை என்றால் கழுவின தெரு. அதில் எதைக் கழுவினார்கள் என்று நான் கேட்டதில்லை.

துறைமுகத்தில் தோணிகளுக்குச் சரக்கு ஏற்றும் ஒரு கம்பெனியில் எனக்கு டாலி கிளார்க் உத்தியோகம். ஜெட்டியில் ஒரு கள்ளிப்பெட்டி மேல் உட்கார்ந்து, மூட்டை போகப்போகக் கோடு கிழிக்க வேண்டும். நாலு கோடு, குறுக்கே ஒன்று. பஞ்சுப் பொதி, கருப்பட்டிச் சிப்பம், கருவாடு, எல்லாம் என் கோட்டைத் தாண்டித்தான் கொழும்புக்குப் போகும். ஆடுகளும் போகும். ஆட்டைப் பலகை வழியாகத் தோணியில் ஏற்றுவார்கள். அலை வந்தால் பலகை ஆடும். ஒன்றிரண்டு பலகைக்கும் தோணிக்கும் நடுவே கால் விட்டு ஒடித்துக்கொள்ளும். கால் ஒடிந்ததைத் தோணி ஓட்டும் தண்டல் ஏற்றிக்கொள்ள மாட்டார். "கழிச்சுப் போடும்" என்பார். கழித்த ஆடு சாயங்காலத்துக்குள் கறிக்கடைக் கொக்கியில் தொங்கும்.

அப்படிக் கழித்த ஒன்றை முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்தது கருணையால் என்று சொல்ல எனக்கு ஆசைதான். உண்மை என்னவென்றால், அது என் டாலிப் புத்தகத்தில் பாதிப் பக்கத்தைத் தின்றுவிட்டது. ஹெட் கிளார்க்கிடம் காட்டுவதற்குச் சாட்சியாக அதை மறுநாள் வரைக்கும் உயிரோடு வைத்திருக்க வேண்டியிருந்தது. அந்த மறுநாள் முடியவே இல்லை.

அது ஜப்பான்காரன் சண்டைக்காலம். அரிசியே ரேஷனில் அளந்து போட்ட நாளில் ஆட்டை வெளியே கட்ட முடியுமா? ஒரே வாரத்தில் இரண்டு தரம் கயிற்றை அறுக்கப் பார்த்தார்கள். அப்போதுதான் என் புத்தி வேலை செய்தது. சவரக்கத்தியை எடுத்து ஆட்டின் இடது காதைக் கீறினேன். கழுத்தில் மஞ்சள் துணி கட்டினேன். "மாடனுக்கு நேந்து விட்டிருக்கேன்" என்று தெருவில் சொல்லிவிட்டேன்.

நேர்ந்துவிட்ட ஆட்டை யாரும் தொட மாட்டார்கள். அது யார் வீட்டு முற்றத்திலும் நுழையலாம், காயப்போட்ட எதையும் தின்னலாம், ஒரு குச்சியால்கூட அடிக்கக் கூடாது. திருடன் அந்தக் காதைப் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விடுவான். என் யோசனை அவ்வளவு நன்றாகப் பலித்தது. எனக்கு நானே திருஷ்டி கழித்துக்கொள்ளாத குறை. அதற்குப் பிறகு வந்த ஆட்டுக்கெல்லாம் காதைக் கீறினேன். கிடாவைத்தான் நேர்வார்கள் என்றுகூடத் தெரியாமல், கிழட்டுப் பெட்டை ஆடு ஒன்றின் காதையும் கீறினேன். தெருவில் இதற்கெல்லாம் காரணம் கண்டுபிடித்தார்கள். உத்தியோக உயர்வுக்கு நேர்ந்திருக்கிறார் என்றார்கள். மூலவியாதிக்கு என்றும் ஒரு கட்சி இருந்தது.

சண்டை நடந்த வருஷங்களில் கொடை கிடையாது. கடற்கரை ஊரில் வெளிச்சம் காட்டக்கூடாது என்று உத்தரவு. பொங்க அரிசியும் இல்லை. மாடன் கேட்கவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை. ஆடு மட்டும் பெருகிக்கொண்டே போயிற்று.

ஜெட்டியில் கழித்த ஆட்டோடு நின்றிருந்தால் சமாளித்திருப்பேன். ஊருக்குத் தெரிந்துவிட்டது. சொறி பிடித்தது, கண் போனது, குட்டியை மிதித்துக் கொன்றது, எல்லாவற்றையும் கொண்டுவந்து என் ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டுப் போனார்கள். "ரைட்டர் அண்ணாச்சி இருக்காருல்லா, பாத்துக்கிடுவாரு." கிளார்க் என்றால் எங்கள் ஊரில் ரைட்டர். நான் ஒருத்தரையும் திருப்பி அனுப்பவில்லை. இளகிய மனசு என்று நினைத்துவிட வேண்டாம். "அண்ணாச்சி மாதிரி ஒரு மனுசன் உண்டுமா?" என்று ஒருத்தர் சொன்னால் போதும், எனக்குக் கோடையில் பதநீர் குடித்த மாதிரி இருக்கும். அந்தப் பதநீருக்காகத்தான் இருபத்தி மூன்று ஆடு வரைக்கும் போனேன்.

இருபத்தி மூன்று ஆடு தின்னும் இலை குழையை ஒரு ஆள் ஒடித்துப் பார்த்தால்தான் தெரியும். விடியும் முன்னால் அரிவாளோடு பூவரச மரம் தேடிப் போவேன். வந்து புண்ணில் வேப்பெண்ணெய் தடவி, புழு எடுத்து, கையைச் சாம்பல் போட்டுக் கழுவிக்கொண்டு ஜெட்டிக்கு ஓடுவேன். சாயங்காலம் தண்ணீர். எங்கள் ஊரில் கிணற்றைத் தோண்டினால் உப்புத் தண்ணீர்தான். நல்ல தண்ணீருக்குக் குழாயடியில் வரிசை. மனுஷருக்கே பற்றாத தண்ணீரை ஆட்டுக்குச் சுமக்கிறேன் என்று எனக்குப் பின்னால் குடத்தோடு நிற்கிறவர்கள் முனகுவார்கள். மச்சினன் கல்யாணத்துக்குப் போகவில்லை. காய்ச்சல் வந்தால் படுக்கவில்லை. கள்ளிப்பெட்டி மேல் உட்கார்ந்தபடியே தூங்கி, பஞ்சுப் பொதிக்குப் பதில் காற்றுக்குக் கோடு கிழித்தேன்.

ஜெட்டியில் எனக்கு வேடிக்கைப் பேச்சுக்காரன் என்று பெயர். ஒருநாள் ஹெட் கிளார்க் கூப்பிட்டு, "வீட்டுல யாரும் தவறிட்டாங்களாவே?" என்றார். இல்லை என்றேன். "பின்ன ரெண்டு மாசமா உம்ம வாயில ஒரு நையாண்டியும் வரலியே?" என்றார். யோசித்துப் பார்த்தேன். வாஸ்தவம்தான்.

வீட்டில் அவள் சொல்லாமல் இல்லை.

"கொஞ்சம் கொறைங்களேன்."

"எதக் கொறைக்க? நீயே கையக் காட்டுளா. கண்ணு தெரியாததையா, காலு இல்லாததையா?"

அவள் கை என்னைக் காட்டியது. "இது இப்பவே பாதி கொறஞ்சிருக்கு. மீதியையும் கொறச்சிட்டா எனக்கும் சோலி மிச்சம்."

சண்டை முடிந்து அடுத்த சித்திரை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெட்டை ஆட்டின் குளம்பில் புழு எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள். ஒருவர் மாடன் கோயில் தலைவர். பஜாரில் வண்டிப்பேட்டை வைத்திருப்பவர். குரல் பெரிது. மற்றவன் எங்கள் ஜெட்டியில் மூட்டை தூக்கும் லோடுமேன். வருஷம் முழுக்க என் கோட்டுக்குக் கீழே மூட்டை சுமக்கிறவன், கொடையன்று மட்டும் மாடனாகிவிடுவான். சாமி அவன் மேல்தான் இறங்கும்.

"என்ன ரைட்டரே, சொகமா?" என்றார் தலைவர்.

"சொகம் அண்ணாச்சி."

"இந்த வருஷம் கொடை போட்டாச்சு. விட்டுப்போன வருஷத்துக்கும் சேத்து, பெருசா. வார வெள்ளிக்கெழம."

"சந்தோசம் அண்ணாச்சி."

"உம்ம உருப்படி எத்தன?"

"என்ன உருப்படி?"

"சரியாப் போச்சு. நேந்துவிட்ட உருப்படிவே!" அவரே விரலை நீட்டி முற்றத்தில் எண்ண ஆரம்பித்தார். எண்ணி முடித்து வாயைப் பிளந்தார். "இருவத்தி மூணு! எலேய், ஊரே சேந்தாலும் இம்புட்டு வராது. மாடன் குளுந்து போயிருவான். வெள்ளிக்கெழம காலையில மஞ்சத்தண்ணி தெளிச்சு ஓட்டிட்டுப் போயிருதோம். என்ன?"

"கொண்டு போங்க அண்ணாச்சி" என்றேன்.

வாய் தவறி வந்ததில்லை. பயந்து சொன்னதுமில்லை. நல்ல தெளிவோடு, ஆசையோடு சொன்னேன். அந்தக் கணத்தில் என் கண் முன்னால் வந்தது ஆடே இல்லாத முற்றம். புழுக்கை இல்லை, புழு இல்லை, விடியுமுன் அரிவாள் இல்லை. கழுவிவிட்ட தெரு மாதிரி சுத்தமாகக் கிடந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு நெஞ்சு நிறைய ஒரு மூச்சு வந்தது. அவர்கள் போய்விட்டார்கள். என் மடியில் பெட்டை ஆட்டின் கால் இருந்தது. அது என் மணிக்கட்டு வேர்வையை நக்கிக்கொண்டிருந்தது. எதற்குக் கொண்டு போங்கள் என்று சொல்லியிருக்கிறேன் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. இருபத்தி மூன்றையும் வெட்டச் சொல்லிவிட்டு, நான் சுகமாக மூச்சு விட்டிருக்கிறேன்.

திரும்பிப் பார்த்தேன். நடைவாசலில் கழுநீர்ச் சட்டியோடு அவள் நின்றாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். சட்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் வண்டிப்பேட்டைக்கு ஓடினேன். "அண்ணாச்சி, நேத்து ஏதோ யோசிக்காமச் சொல்லிட்டேன்" என்றேன்.

"மூணு வருசமாவா யோசிக்காம இருந்தீரு? மாடனுக்குன்னு கீறின காது. இல்லன்னு சொன்னா உமக்கு மட்டுமாவே கேடு? தெருவுக்கே வரும். போரும், போயி சோலியப் பாரும்."

வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. என்னென்னவோ யோசித்தேன். உடன்குடிப் பக்கம் பனங்காட்டுக்குள் ஓட்டிக்கொண்டு போய்விடலாமா? முக்கால்வாசி நொண்டி. ஊர் எல்லை தாண்டுவதற்குள் கொடையே முடிந்துவிடும். தோணியில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பலாமா என்றுகூட நினைத்தேன். அங்கே மட்டும் இலை போட்டுப் பாயசமா ஊற்றப் போகிறார்கள்?

கடைசியில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் லோடுமேனைத் தேடிப் போனேன். சரக்குக் கிட்டங்கி நிழலில் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மாடன் தனக்கு இந்த ஆடு வேண்டாம்னு சொல்லிருவானா?" என்றேன்.

"அது நான் சொல்லுறது இல்ல, ரைட்டரையா. அன்னைக்கு எனக்கு ஒண்ணுமே தெரியாது. நீங்க மாடங்கிட்டயே கேளுங்க."

"கேட்டா வெட்டிருவானே."

"ஆட்டையா, உங்களையா?"

"அதான் தெரியல."

அவன் சோற்றைப் பிசைந்தபடி சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆத்தூருக்கு வண்டி கட்டவில்லை. காலையிலேயே ஆடுகளுக்கு மாலை போட்டு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வெட்டு இருட்டின பிறகுதான். மத்தியானம் ஒரு பூசை உண்டு, அதில் மாடன் இறங்கிக் குறி சொல்வான். அதற்கு நானும் போனேன். என் பின்னால் அவளும் வந்தாள். நாங்கள் இரண்டு பேரும் கொடை பார்ப்பது அதுதான் முதல் தடவை. வேப்பமரத்தில் வரிசையாக என் ஆடுகள். மரத்தில் சாத்தி வைத்திருந்த அரிவாளுக்கும் ஒரு மாலை போட்டிருந்தார்கள். மேளம் காதைப் பிளந்தது. லோடுமேன் இடுப்பில் மணி கட்டின சல்லடமும் கையில் வல்லயம் என்கிற ஈட்டியுமாக ஆடிக்கொண்டிருந்தான். தினம் என்னைக் கண்டு ஒதுங்கி வழிவிடுகிற முகம் அதில் இல்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் காலில் விழுந்தேன்.

"சாமி, நான் நேரல."

"என்னலே?"

"ஒரு ஆட்டையும் உனக்கு நேரல சாமி. களவு போயிரும்னு நானே காதக் கீறுனேன். பொய் சொன்னேன்."

மேளக்காரனின் குச்சி அந்தரத்தில் நின்றுவிட்டது. ஒரு பெண் மட்டும் "அட பாவி!" என்றது எனக்குக் கேட்டது. கோயில் தலைவர் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு என் மேல் பாய வந்தார். "சாமி பேரச் சொல்லியா ஊரை ஏமாத்துனீரு?" நடுவில் வல்லயம் விழுந்தது.

"கீறுனது எவன் கை?"

"என் கை."

"நேந்தது எவன் வாய்?"

"ஒருத்தரும் நேரல."

"அப்ப இது எனக்கு இல்ல." கூட்டத்தில் சலசலப்பு. எனக்கு உயிர் வந்தது. எழுந்திருக்கப் பார்த்தேன். வல்லயத்தின் பிடி என் தோளை அமுக்கியது. "கூட்டிட்டுப் போயி என்ன செய்வே?"

பதில் தயாராகத்தான் வைத்திருந்தேன். கண்ணே போல் பார்த்துக்கொள்வேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"என்னால முடியல சாமி."

இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொல்லாத சொல். அதைத் தெரு முழுக்கக் கேட்க, மாலை போட்ட ஆடுகளுக்கு முன்னால் சொல்லிவிட்டேன். தேம்பித் தேம்பி அழுதேன். யாராவது சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன், ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"முடியாதவன் கையில கயிறு எதுக்குலே? எனக்கும் இல்ல, உனக்கும் இல்ல. வேணுங்கிறவன் வந்து வாங்கட்டும். எம்பேரச் சொல்லி எவனும் வெட்டக் கூடாது. நீயே அவுத்துக் குடு."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. வெட்டுக்குத் தப்பினால் ஆடுகள் என்னோடு வரும் என்றுதான் நினைத்திருந்தேன். "ரெண்டு மூணாவது நான் வச்சுக்கிடுதேன் சாமி" என்று கெஞ்சினேன். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் முடியவில்லை என்று அழுத அதே ஆள்தான்! சாமி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கொடுத்தேன். முதலில் யாரும் வரவில்லை, சாமி காரியம் என்று பயம். பிறகு ஒரு கிழவர் வந்தார். அதன் பிறகு தள்ளுமுள்ளு. கடைசியில் பெட்டை ஆடு. அதைக் கேட்டு வந்தவள் உப்பளத்தில் உப்பு வாருகிற பெண். உள்ளங்காலெல்லாம் வெடித்து வெளுத்திருந்தது. அவள் கயிற்றைப் பிடித்தாள். நான் விடவில்லை. அவள் இழுத்தாள், நானும் இழுத்தேன். நடுவில் ஆடு கத்தியது.

"விடுங்க அண்ணாச்சி" என்றாள். "கழுத்து நெரியுது பாருங்க."

விட்டேன்.

பொய் சொன்னதற்கு அபராதமாக, கொடை முடிகிற வரைக்கும் பந்தலுக்கு நான்தான் தண்ணீர் சுமக்க வேண்டும் என்றார் தலைவர். சுமந்தேன். ஆட்டுக்குச் சுமந்ததை விட அது லேசாகத்தான் இருந்தது.

கொடை முடிந்த மறுநாள் பழக்கதோஷத்தில் விடியுமுன் அரிவாளை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். "யாருக்கு?" என்றாள் அவள், பாயில் படுத்தபடியே. காலி முற்றத்தில் வெகுநேரம் நின்றேன். பிறகு போய்ப் படுத்தேன். மத்தியானம் வரை தூங்கினேன் என்று அவள் சொல்லித்தான் தெரியும். நான் இல்லாமலும் ஜெட்டியில் அன்றைக்குத் தோணியில் சரக்கு ஏறியிருக்கிறது. அதுவும் எனக்கு ஒரு அதிர்ச்சிதான்.

அடுத்த வாரமே ஜன்னல் கம்பியில் ஒரு நொண்டி ஆடு. யார் கட்டினது என்று விசாரித்து, அவிழ்த்து, அந்த வீட்டுக்கே ஓட்டிக்கொண்டு போனேன்.

"என்னால முடியாது. நீங்கதான் பாக்கணும்."

"நீங்களா அண்ணாச்சி இப்பிடிச் சொல்லுதீங்க?" அந்த மனிதர் அடிபட்ட மாதிரி பார்த்தார். அதைச் சொன்ன வாய் என்னுடையதுதானா என்று எனக்கே சந்தேகம். பதநீர் போச்சு. வேண்டுமானால் புண்ணுக்கு எண்ணெய் போட்டுத் தருகிறேன் என்றேன், அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. ஜெட்டியில் கழித்த ஆட்டில் ஒன்று கையில் இருந்தால் இன்னொன்றைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். இரண்டாவதாக ஒன்று கால் ஒடிந்து கிடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு கோடு கிழிப்பேன். அது இன்னும் எனக்குப் பழகவில்லை.

கொடுத்த ஆடெல்லாம் பிழைத்தது என்று சொல்ல மாட்டேன். இரண்டு ஆடு அந்தத் தீபாவளிக்குள் கறியாகிவிட்டன. மாடன் தன் பேரைச் சொல்லி வெட்டக் கூடாது என்றுதானே சொன்னான்? அந்த ஓட்டையை ஒரு கிளார்க்காக நான் அன்றைக்கே கவனித்திருந்தேன்.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருநாள் உப்பளத்துப் பக்கம் போக வேண்டியிருந்தது. அந்தப் பெண்ணின் குடிசைக்கு முன்னால், அவளுக்குப் பக்கத்தில் ஒரு ஆடு நின்றது. தோல் மினுங்கியது, வயிறு நிறைந்திருந்தது. இடது காதில் கீறல் இல்லையென்றால் எனக்கு அடையாளமே தெரிந்திருக்காது. பெருமை தாங்கவில்லை. வாய் சும்மா இருக்குமா?

"பாத்தியா," என்றேன். "நான் காப்பாத்துன ஆடு."

அவள் உப்புவாரிப் பலகையைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"காப்பாத்துனீங்களா? இங்கன வந்தன்னைக்கு எலும்ப எண்ணிரலாம் அண்ணாச்சி. பட்டினி போட்டிருந்தீங்கல்லா."